வானத்தில் ஒரு லட்சம் ஆம்பியர்

எனக்கும் கரன்ட்டுக்கும் உள்ள உறவு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான். ரீடிங் எடுக்க வருகிறவர் அட்டையில் கிறுக்கிவிட்டுப் போவார். நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்ப்பேன். மனைவி கிரைண்டரைப் பார்ப்பாள். அத்தோடு சரி. மற்றபடி ஓம், வோல்ட், ஆம்பியர் எல்லாம் என் மாதிரி பி.காம். ஆசாமிக்கு யாரோ துரைமார் பெயர்கள். (உண்மையிலேயே துரைமார் பெயர்கள்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.)

ஆனால் என் மச்சினன் அப்படியில்லை. கரன்ட்டிலேயே டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன். 'போகிறவன்' என்று நாங்கள் சொல்ல ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உதவித்தொகை போன மார்ச்சோடு நின்றுவிட்டது. வத்தலக்குண்டில் ஒரு பெண் பார்த்து, எல்லாம் பேசி முடித்து, "தீசிஸ் முடியட்டும்" என்று பெண் வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இரண்டு வயசாகிறது. இப்போதெல்லாம் அவர்கள் போன் செய்தால், என் மாமியார் எடுக்குமுன் ஒரு தடவை சாமி படத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"தம்பி கொடைக்கானல் போறானாம். அங்க அப்சர்வேட்டரியப் பார்க்கணுமாம். நீங்களும் கூடப் போய்ட்டு வாங்க."

"எனக்கு ஞாயித்துக்கிழமை கட்டுரை குடுக்கணும்..."

"ஏங்க, அவன் மூஞ்சியப் பார்த்தீங்களா? மூணு நாளா சாப்பாட்டுத் தட்டுல கோலம் போட்டுட்டு எந்திரிச்சுப் போறான். தனியா மட்டும் விடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. "வரும்போது ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கிட்டு வாங்க" என்று சேர்த்துக்கொண்டாள், விஷயம் அவ்வளவுதான் என்பது போல.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. அந்தப் பத்து நிமிஷமும் மச்சினன் சன்னல் பக்கம் திரும்பாமல், முன் சீட்டின் முதுகில் யாரோ காம்பஸால் செதுக்கியிருந்த காதல் வாசகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். காட் ரோடு தொடங்கியதும்தான் வாய் திறந்தான். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வயிறு புரட்டும். கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சுக் கொடுத்தால் புரட்டல் குறையும் என்று கேட்டேன்.

"மாப்ளே, உன் ஆராய்ச்சிதான் என்ன? பி.காம். படிச்சவனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நம்ம தலைக்கு மேல கரன்ட் போகுது அத்தான்."

"லைன் கம்பியிலயா?"

"இல்ல. வெறும் ஆகாசத்துல. நூறு, நூத்துப்பத்து கிலோமீட்டர் உயரத்துல. மேற்கேயிருந்து கிழக்கே. மொத்தம் ஒரு லட்சம் ஆம்பியர் கணக்குல."

நம் வீட்டு ஃபியூஸ் பதினைந்து ஆம்பியருக்கே 'டப்' என்று போய்விடும். நான் அண்ணாந்து பஸ் கூரையைப் பார்த்தேன்.

"பில் யாருக்கு வருது?"

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் விளக்கினான். டம்டம் பாறையிலிருந்து பெருமாள்மலை வரைக்கும் விளக்கினான். எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன்.

பகலில் சூரியன், மேலே உள்ள மெல்லிய காற்றின் அணுக்களை உடைத்து மின்னேற்றம் பெற்ற துகள்களாக்கி விடுகிறது. அந்த உயரத்திலும் காற்று வீசுகிறது. மின்னேற்றம் பெற்ற காற்று பூமியின் காந்தப் புலத்துக்குள் ஓடினால், சைக்கிள் டைனமோவில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். கரன்ட் பிறக்கும். உலகம் முழுக்க இது உண்டு. ஆனால் காந்த முள் மேலேயும் சாயாமல் கீழேயும் சாயாமல் படுக்கையாக நிற்கிற ஒரு கோடு இருக்கிறது. காந்த மத்தியரேகை. அது திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் இந்தக் கரன்ட் பல மடங்கு பெருகி, சுமார் 600 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது. காலையில் எழும்பி, பதினொன்று பன்னிரண்டு மணிவாக்கில் பொங்கி, சாயங்காலம் வற்றிப்போகும். சில நாள் பிற்பகலில் திரும்பி மேற்கே ஓடுவதும் உண்டு. 1951-ல் சிட்னி சாப்மன் என்கிற விஞ்ஞானி இதற்கு 'ஈக்வடோரியல் எலக்ட்ரோஜெட்' என்று பெயர் வைத்தார். 1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து இந்தியா முதல் ராக்கெட்டை விட்டதே, கேரளக் கடற்கரையில் அந்த மீனவர் கிராமத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் தென்னை மரமும் கடல் காற்றும் அல்ல. இந்த ஆறு அதன் உச்சந்தலைக்கு மேல் ஓடுவதுதான்.

கொடைக்கானல் இந்த ஆற்றின் வடகரை ஓரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இங்கே ஒரு நல்ல காந்தமானி வைத்தால், பூமியின் காந்தப் புலம் கொஞ்சம் கூடும். பூமியின் புலம் இந்தப் பக்கம் நாற்பதாயிரம் நானோ டெஸ்லா. கூடுவது எண்பது, நூறு. ஐந்நூறு ரூபாயில் ஒரு ரூபாய் மாதிரி.

"ஒரு ரூபாய்க்காகவா அஞ்சு வருஷம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு ரூபாய் டேலி ஆகாமல் நான் இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்த மார்ச் மாதங்கள் ஞாபகம் வந்தன.

மறுநாள் காலை அப்சர்வேட்டரி. ஏரியைத் தாண்டி மேலே மேலே ஏறிப் போகிற சாலை. குன்றின் உச்சி, 2,343 மீட்டர். மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான்.

அது அங்கே வந்த கதையே பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876-ல் வந்ததே தாது வருஷப் பஞ்சம், லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்களே, அதற்குப் பிறகு சர்க்காருக்கு ஒரு யோசனை வந்தது. சூரியனில் இருக்கிற கரும்புள்ளிக்கும் நம் ஊர் மழைக்கும் சம்பந்தம் இருந்தால், முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமே! அதற்கு மேகத்துக்கு மேலே ஓர் இடம் வேண்டும். மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரியையும் பழனி மலையையும் பார்த்துவிட்டு, பழனி மலைக்கே மார்க் போட்டார். 1899-ல் கொடைக்கானல் அப்சர்வேட்டரி ஆரம்பமானது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் அவர் பெயரால் அது இருக்கிறது. மழைதான் இன்னும் சொல்லாமல் வருகிறது. நாங்கள் உள்ளே நுழையவும் வந்தது.

அருங்காட்சியகத்தில் சூரியனின் பழைய படங்கள். நூறு வருஷத்துக்கு மேலாகப் பகல் தவறாமல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் கல்யாண ஆல்பமே பாதி காணோம். சூரியனோடு கூடவே பூமியின் காந்தத்தையும் இங்கே அளந்திருக்கிறார்கள். காந்தம் அளக்கிற வீடு என்றால் சும்மா இல்லை. இரும்பு ஆணி கூட இல்லாமல் கட்டவேண்டும். அளக்கப் போகிறவர் சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

இங்கேதான் மச்சினன் ஒரு கதை சொன்னான். எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

பம்பாயில் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள் டிராம் வண்டியைக் குதிரை இழுத்தவரை பிரச்னையில்லை. மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் விஞ்ஞானிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கம்பியில் போகிற கரன்ட் தண்டவாளம் வழியாகவும் தரை வழியாகவும் திரும்பும். திரும்புகிற வழியெல்லாம் காந்த முள்ளை ஆட்டிவைக்கும். அப்புறம் எது பூமி, எது டிராம் என்று யார் பிரிப்பது? எனவே மூட்டை முடிச்சோடு கடலைத் தாண்டி அலிபாக்குக்குப் போய்விட்டார்கள். 1904-ல் அங்கே தொடக்கம். ஆனால் கொலாபாவை உடனே மூடவில்லை. இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் பழையதை மூடினார்கள். கைக்கணக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும்போது, கொஞ்ச நாள் பேரேட்டையும் கூடவே எழுதச் சொல்வார் எங்கள் பழைய ஆடிட்டர். அதே புத்தி!

"அந்த டிராம்காரன் கதைதான் அத்தான் என் கதையும். கரன்ட் எங்க போகுதுன்னு தெரிஞ்சா காந்தம் தெரியும்" என்றான் மச்சினன். சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போனது.

வெளியே வந்தோம். வேன் டிரைவர் ஒருவர் குடையோடு ஓடிவந்தார். "சார், பன்னெண்டு பாயின்ட் காட்டறேன். பில்லர் ராக், குணா குகை, கிரீன் வேலி வியூ... அதோட பழைய பேரு வந்து..."

"வேண்டாம், வேண்டாம். பூண்டு எங்கே கிடைக்கும்?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. மச்சினன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ராத்திரி லாட்ஜ் அறை. கம்பளிக்குள்ளே நான். மேஜையில் லேப்டாப்போடு அவன். அவனுடைய முழு ஆராய்ச்சியும் அந்தப் பெட்டிக்குள்ளேதான். வானத்து ஆற்றை ராக்கெட் விட்டுத்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை. சாஃப்ட்வேரில் ஒரு பெட்டி வரைந்து, கீழே பூமி, மேலே காற்று, அதற்கும் மேலே கரன்ட் என்று வைத்துவிட்டால், பெட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டிலும் காந்தம் எவ்வளவு என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். வெட்டுகிற வலைக்கு 'மெஷ்' என்று பெயர். அந்தக் கணக்கும் காந்தமானி காட்டுகிற கணக்கும் ஒத்துப்போனால் டாக்டர் பட்டம்.

"கரன்ட்டை எப்படி மாப்ளே அதுக்குள்ள வைப்பே? பிளக்கா?"

"ரெண்டு வழி இருக்கு அத்தான். வோல்டேஜ் குடுத்தா, எவ்வளவு கரன்ட் போகும்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். கரன்ட் சோர்ஸ்னு குடுத்தா, என்ன ஆனாலும் இவ்வளவு போயே தீரணும். கேள்வி கேட்கக் கூடாது."

"ஈ.எம்.ஐ. மாதிரி!"

"அதேதான்" என்றான். முதல் தடவையாக லேசாகச் சிரித்தான்.

முதல் வருஷம் அவன் செய்த தப்பை அவனே சொன்னான். ஒரு லட்சம் ஆம்பியரை ஒரே கம்பியாக, 105 கிலோமீட்டர் உயரத்தில் வைத்துவிட்டான். கீழே தரையில் 190 நானோ டெஸ்லா காட்டியது. நிஜத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்புறம் அதே லட்சத்தை 600 கிலோமீட்டர் அகலத்துக்குப் பட்டையாகப் பரப்பினான். 82 என்று இறங்கி வந்தது. கரன்ட் அதே கரன்ட்தான். வைத்த விதம்தான் வேறு. ஒரு கரண்டி மாவை நடுக்கல்லில் குவித்தால் ஊத்தப்பம், இழுத்தால் தோசை. இது எனக்கு உடனே புரிந்தது.

அதுவரை தாளில் வரைந்த படம் மாதிரி இரண்டு பரிமாணக் கணக்கு. அடுத்தது முப்பரிமாணம். நிஜ நீளம், நிஜ அகலம். அங்கேதான் நான்கு மாதமாக வண்டி மண்ணில் இறங்கி நிற்கிறது. ஓட்டினால் மூன்று நாள் ஓடும். மூன்றாவது நாள் 'தீர்வு குவியவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி வரும். வலை சரியில்லையோ என்று இன்னும் பொடியாக வெட்டுவான். மறுபடி மூன்று நாள். மறுபடி சிவப்பு. கைடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பதில் இல்லாமல் போனால் அவர் என்ன சொல்வார் என்று அவன் சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடித்து, மறுபடி ஓட்டுவதற்குப் பட்டனை அழுத்தினான். பளிச்சென்று ஒரு மின்னல். ஊரே இருட்டானது.

வானத்தில் ஒரு லட்சம் ஆம்பியர். கொடைக்கானலில் ஒரு குண்டு பல்பு எரியவில்லை! நான் சிரித்தேன். அவன் லேப்டாப்பை மூடிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டான்.

எத்தனை மணிக்கு விழித்தேன் என்று தெரியாது. மழை நின்றிருந்தது. கை நீட்டித் தடவினேன். பக்கத்துப் படுக்கை காலி. கம்பளி மடித்து வைத்திருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. நடுராத்திரியில் எழுந்து போகிறவன் எதற்குக் கம்பளியை மடிக்கிறான்? கதவு லேசாகத் திறந்திருந்தது. செருப்பைத் தேடக்கூட எனக்குத் தோன்றவில்லை. குளிர்ந்த சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஓடினேன். மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் ஓடியபோது ஒரே நினைப்பு.

வராந்தா கடைசியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சரிவு. அதில் வெள்ளையாக மூடுபனி.

"மாப்ளே..."

"தூக்கம் வரல அத்தான்." திரும்பாமலேயே சொன்னான். "விட்டுடலாம்னு இருக்கேன்."

எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. "எத?"

"பி.ஹெச்டிய. பாங்க் எக்ஸாம் எழுதலாம்னு பார்க்கறேன். வத்தலக்குண்டுக்கும் ஒரு போன் போட்டு வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடலாம்."

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அது கூட உறைக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கட்டுரையில் எழுதுவேன், நேரில் வராது. அவனைப் பேச வைக்கவேண்டும், சுவரிலிருந்து இந்தப் பக்கம் வரவைக்கவேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. அதனால் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு லட்சம் ஆம்பியர் எங்கேயிருந்து வருது?"

"மேற்கேயிருந்து."

"எங்க போகுது?"

"கிழக்கே."

"கிழக்கே போயி?"

"போயி... நான் எடுத்துக்கிட்ட நீளம் முடியுற இடத்துல முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னா? மேற்கே பற்று எழுதியிருக்கே. கிழக்கே வரவு யாரு பேர்ல?"

அவன் திரும்பினான்.

"நான் அக்கவுன்ட்ஸ் ஆளு மாப்ளே. எனக்கு ஒரு லட்சம் போச்சுன்னா அது இன்னொருத்தன் கணக்குல ஏறணும். ஏறலைன்னா எங்க ஊர்ல அதுக்கு அனாமத்துக் கணக்குன்னு பேரு. அனாமத்து வச்சுக்கிட்டு எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டான். உன் சாஃப்ட்வேர் என்ன ஆடிட்டர விட இளிச்சவாயா?"

சத்தியமாக, பேச்சுக்குச் சொன்னேன். எனக்கு அந்தச் சிவப்பு வரிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தெரியவே தெரியாது. அவன் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான். அப்புறம் விறுவிறு என்று அறைக்குள் போனான்.

பாட்டரியில் 38 சதவீதம் இருந்தது. பெரிய கணக்கு ஓடாது. கரன்ட் இருந்திருந்தால் அதையேதான் நான்காவது தடவையாக ஓட்டியிருப்பான். இல்லாததால் பொடிக் கணக்கு ஒன்று போட்டான். ஒரு மீட்டர் ஆரத்தில் ஒரு வளையம். அதில் ஒரே ஒரு ஆம்பியர். நடுவில் காந்தம் 628 நானோ டெஸ்லா வரவேண்டும் என்று பேனாவால் என் சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டினான். சாஃப்ட்வேர் நாற்பது விநாடியில் 626 என்றது. பிறகு அதே வளையத்தில் கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டான். இரண்டு முனையும் அந்தரத்தில். ஓட்டினான்.

'தீர்வு குவியவில்லை.' அதே சிவப்பு. அதே வரி.

"நாலு மாசம்" என்றான். "நாலு மாசம் அத்தான்! வலைதான் சரியில்லைன்னு வெட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

இரண்டு பரிமாணத்தில் நீளம் என்பதே கிடையாது. பட்டை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போவதாக அர்த்தம், அதனால் கேள்வி எழவில்லை. முப்பரிமாணத்துக்கு மாற்றும்போது அதே பட்டையை எடுத்து அப்படியே ஒட்டினான். இரண்டு நுனியும் பெட்டிக்கு நடுவே மொட்டையாக நின்றுவிட்டன. உள்ளே வந்த கரன்ட் வெளியே போகவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அவனுக்குத் தெரியாததா? "தெரியும். ஆனா சாஃப்ட்வேர் பார்த்துக்கும்னு இருந்துட்டேன்" என்றான். கால்குலேட்டர் இருக்கிறதே என்று கூட்டலைச் சரிபார்க்காமல் விட்ட கேஷியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நான்.

நிஜ வானத்தில் அந்த ஆறு மொட்டையாக முடிவதில்லை. கிழக்கே போனது சாயங்காலப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்கே சுற்றி, ஒன்று தெற்கே சுற்றி, பெரிய பெரிய வட்டமாக, பரந்து மெலிந்து மேற்கே திரும்பி வந்துவிடுகிறது. கணக்கு நேர்! இதற்கு ஒரு படம் இருக்கிறதாம். எதில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் தீசிஸ்ல. முதல் அத்தியாயம், ரெண்டாம் படம்" என்றான்.

அப்புறம் சிரித்தான் பாருங்கள்... பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தான். சிரிப்பு நடுவில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. நான் பார்க்காத மாதிரி ஈர வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கரன்ட் வந்தது. அவன் தூங்கவே இல்லை. வடக்கே ஒரு வட்டம், தெற்கே ஒரு வட்டம் வரைந்து, எல்லா முனையும் மூடியிருக்கிறதா என்று விரல் வைத்து வைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு குவிந்தது. ஆனால் காந்தமானி காட்டியதோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. மேலே கரன்ட் மாறும்போது, கீழே பூமிக்குள்ளேயும் கடலிலேயும் ஒரு கரன்ட் கிளம்புகிறதாம். அதையும் சேர்க்கவேண்டுமாம். கைடு இன்னும் மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். தீசிஸ் இன்னும் கொடுத்தபாடில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போடுவதில்லை என்று மாமியார் சொல்கிறார்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கினோம். பெருமாள்மலை தாண்டியதும் நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியவன், பஸ் நின்ற குலுக்கலில்தான் விழித்தேன். வத்தலக்குண்டு. மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றான்.

"நீங்க போங்க அத்தான். நான் அடுத்த வண்டியில வர்றேன்."

கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. என்ன என்று கேட்பதற்குள் இறங்கி, ரோட்டைத் தாண்டி, தலையை ஒரு தடவை வாரிக்கொண்டு நடந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். நான் "நல்லா இருக்கான்" என்றேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பூண்டு ஒரு கிலோ சொன்னேன்ல? அரைக் கிலோதானே இருக்கு. மீதி எங்க?"

"வத்தலக்குண்டுல" என்றேன்.